காயலாங்கடைக்குப் போன எஞ்சின்

மச்சான்,

இன்று காலை பட்டறையில் ஒரு டிராக்டர் பானெட்டுக்குப் பட்டி குழைத்தேன். தகட்டில் விழுந்த பள்ளத்தை நிரப்பும் அந்தச் சாம்பல் நிறக் களிம்பில் ஹார்ட்னரை விட்டுக் கிளறியதும் ஒரு நெடி கிளம்புமே, அது நேராக மண்டைக்குள் ஏறியது. ஊரில் எல்லாருக்கும் அந்த நெடி தலைவலி. உனக்கு மட்டும் பசி எடுக்கும். "இந்த வாசன வந்தாவே பிரியாணி துன்னணும் போல இருக்குது பா" என்பாய். கை அப்படியே நின்றுவிட்டது. பட்டி தகட்டிலேயே இறுகி வீணாய்ப் போனது. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல செய்தி இல்லை.

நாம் பள்ளிக்கூடத்து சிநேகிதர்கள் இல்லை. முப்பது வயதுக்கு மேல் பழகியவர்கள். தாலுகா ஆபீஸ் கிளார்க்கான நீ, உன் வீட்டுக்கு இரும்பு கேட் செய்ய என் வெல்டிங் பட்டறைக்கு வந்தாய். பத்தடி கேட் கேட்டாய். அந்தத் தெருவுக்கும் உன் வீட்டுக்கும் நாலடி போதும் என்றேன். "கார் வரும்" என்றாய். எந்தக் கார் என்று கேட்டால் சிரித்தாய். கேட் மாட்டி மூன்று வருஷம் அந்த வழியாக உன் சைக்கிள் மட்டும்தான் போய் வந்தது. அதை வைத்து நான் உன்னைப் படுத்திய பாடு உனக்குத் தெரியும்.

அப்புறம்தான் உளுந்தூர்பேட்டையில் ஒரு பழைய அரிசி மில்லின் பின்பக்கம் அந்தக் காண்டெஸா காரைக் கண்டுபிடித்தாய். நீளமான மூக்கு, அகலமான தோள். பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தரைத்தகடு துருவேறி, உள்ளே உட்கார்ந்தால் கீழே புல் தெரிந்தது. எஞ்சின் இறுகிப்போய் சுற்றவே இல்லை. நீ சுவரில் ஒட்டி வைத்திருந்த அமெரிக்க மசில் கார் படங்களையும் அதையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, "நம்ம நாட்டுல இதாம்பா பைல்வான்" என்றாய். டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம்.

அந்தக் கார் எதற்கு என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா சொன்னாள். கல்யாணமான புதிதில் அவளுக்குக் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைப் பக்கம் நர்ஸ் வேலை. நீ கீழே கள்ளக்குறிச்சியில். சனிக்கிழமை தோறும் இட்லி மாவைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மலை பஸ்ஸில் போவாய். உன் பெரிய மகள் வயிற்றில் இருந்தபோது, நிறைமாசத்தில், அவள் கூட்டத்தில் நின்றுகொண்டே மலையிறங்கி வந்தாளாம். கச்சிராயபாளையத்தில் இறங்கும்போது கால் இரண்டும் வீங்கியிருந்ததாம். அன்றைக்கு நீ சொன்னாய்: "ஒரு நாள் உன்ன சொந்தக் கார்ல ஒக்கார வச்சி இதே ரோட்டுல இட்டுக்கினு போறேன் பாரு." அவள் அதை மறக்கவில்லை. நீயும் மறக்கவில்லை. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குள் மலையேற வேண்டும் என்பது உன் கெடு.

உன் வீட்டுப் பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் வேலை ஆரம்பிக்கும். தரைத்தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, நான் டிரெய்லருக்குப் போடும் தகட்டையே வளைத்துப் பற்றவைத்தேன். நீ உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்ப்பாய். ஆபீசில் ஊருக்கெல்லாம் கையெழுத்து வாங்க அலையவைக்கும் கை, ஒரு கதவை மூன்று மாசம் தேய்த்தது. ஸ்டெல்லா துணி காயப்போட இடமில்லை என்று பானெட் மேல் போர்வையை விரித்துவிட்டுப் போவாள். அதற்கு நீங்கள் போட்ட சண்டை தெருவுக்கே கேட்கும்.

பழைய எஞ்சினை இறக்கி சேலத்தில் சிலிண்டரைக் கடைந்து போரிங் போட்டு வரும்வரை வண்டியை நகர்த்தவாவது வேண்டும் என்று நான்தான் ஒரு ஜீப்பின் டீசல் எஞ்சினை உள்ளே வைத்தேன். ஸ்டார்ட் செய்ததும் தெருவே வெளியே வந்து பார்த்தது. "ஒடம்பு பைல்வானு, கொரலு பம்புசெட்டு" என்று நீயே தலையில் அடித்துக்கொண்டாய். அது தற்காலிகம்தான். ஆர்சி புக்கில் எந்த எஞ்சின் நம்பர் இருக்கிறதோ, அதே எஞ்சின்தான் திரும்ப ஏறும் என்று நீ பிடிவாதமாக இருந்தாய். வண்டி பழசு, பதிவைப் புதுப்பிக்க வேண்டும், ஆய்வாளர் நம்பரைப் பார்ப்பார் என்பது ஒரு காரணம். அந்தக் காருக்குச் சொந்தக் குரல் வேண்டும் என்பதுதான் உன் பெரிய காரணம்.

ஷெட்டின் மூலையில், எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக் இரண்டு இருந்தன. ஒன்று காரோடு வந்தது, புக்கில் உள்ள நம்பர் பொறித்தது, சேலத்துக்குப் போகக் காத்திருந்தது. இன்னொன்று உதிரிபாகத்துக்காக வாங்கிப்போட்ட, விரிசல் விட்ட பிளாக். இரண்டையும் சாக்கில் சுற்றி, கயிறு கட்டி வைத்திருந்தாய். "வெடிச்சத எப்ப வேணா தூக்கிப் போட்டுடலாம்" என்று பத்து முறையாவது சொல்லியிருப்பாய்.

உன் கெடுவுக்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் நீங்கள் எல்லாரும் தியாகதுருகத்தில் ஸ்டெல்லாவின் அம்மா வீட்டுக்குப் போயிருந்தீர்கள். சாவி என்னிடம். வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தாய், ஷெட் மட்டும் ஒட்டடையும் எண்ணெயுமாகக் கிடந்தது. நீ வந்து அசந்துபோக வேண்டும் என்று நான் ஷெட்டைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, நட்சத்திர விளக்குகூடத் தொங்கவிட்டேன். குப்பையை அள்ள காயலாங்கடை ஆட்டோவை வரச்சொன்னேன். மூலையில் முதலில் கைக்கு வந்த பிளாக்கைப் பிடித்து ஏற்றிவிட்டேன். சுவரோரம் இருப்பதுதான் வெடித்தது என்று என் நினைப்பு. சாக்கை அவிழ்த்து நம்பரைப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பார்க்கவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ ஒரு நிமிஷங்களை வீணாக்கியிருக்கிறேன், அந்த ஒன்றை மட்டும் மிச்சம் பிடித்தேன்.

நீ வந்து, நட்சத்திரத்தைப் பார்த்துச் சிரித்து, மூலைக்குப் போய் சாக்கைத் தொட்டாய். கயிற்றை அவிழ்த்தாய். விரிசல் தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்த முகத்தை நான் எழுதப் போவதில்லை.

கள்ளக்குறிச்சிக் கடைக்காரர் லோடு உளுந்தூர்பேட்டைக்குப் போய்விட்டது என்றார். பைக்கில் விரட்டிக்கொண்டு போனோம். அங்கே வார்ப்பு இரும்பையெல்லாம் சம்மட்டியால் உடைத்துத்தான் உருக்காலைக்கு அனுப்புவார்களாம். ஆளுயரத்துக்கு உடைந்த துண்டுகள். நீ வெள்ளைச் சட்டையோடு அந்தக் குவியல் மேல் உட்கார்ந்து, நம்பர் பொறித்த துண்டைத் தேடி ஒவ்வொன்றாகப் புரட்டினாய். நானும் புரட்டினேன். வெயில் சாயும்வரை புரட்டினோம். அப்புறம் நீயே எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "வுடு மச்சான். கெடச்சா மட்டும் இன்னா, ஒட்டவா போறோம்?" என்றாய்.

திரும்பும் வழியில் ஹைவேயில் டீ குடித்தோம். ஸ்டெல்லா முகத்தில் எப்படி முழிப்பது என்றேன். "வூட்ல நான் பேசிக்கிறேன். நீ ஒண்ணும் வாயத் தொறக்காத" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதிவைப் புதுப்பித்துத் தரவில்லை. ஆய்வாளர் பானெட்டைத் திறந்து நம்பரைப் பார்த்துவிட்டு, கோபப்படாமல் மூடினார். புக்கில் இருக்கிற எஞ்சினைக் காட்டச் சொன்னார். பழையது இல்லாமல் புது நம்பரை மாற்றி எழுதவும் வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் காகிதம் சரிசெய்து கொடுத்த உன்னால் உன் காருக்கு ஒரு காகிதம் வாங்க முடியவில்லை. கருப்புப் பெயின்ட், பானெட்டில் இரண்டு வெள்ளைப் பட்டை, பின்னால் அகல டயர், எல்லாம் முடித்து நிறுத்தினாய். ஷெட்டிலிருந்து கேட்டுவரை வரும். கேட்டிலிருந்து ஷெட்டுக்குப் போகும். கல்யாண நாளன்று நீங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வெள்ளிமலைக்குப் போய் வந்தீர்கள். ஸ்டெல்லா அன்றைக்கு ஷெட்டுப் பக்கமே திரும்பவில்லை.

அப்புறம் எட்டு வருஷம் அவள் திட்டியதைக் கேட்டேன். டீயைக் கொண்டுவந்து நம் முன்னால் வைத்துவிட்டு, உன்னைப் பார்த்து ஆரம்பிப்பாள். "ஒரு எஞ்சின பத்தரமா வச்சிக்கத் தெரியல. தூக்கி காயலாங்கடைக்குக் குடுத்துட்டு, இப்ப தொடச்சிக்கினு ஒக்காந்திருக்குது பாரு இந்த மனுசன்." நீ தலையைக் குனிந்து டீயை ஊதுவாய். நானும் குனிந்துகொள்வேன். என்னை நேராகச் சொல்ல மனசில்லாமல், உன்னை வைத்துச் சாடையாகத் திட்டுகிறாள் என்று நினைத்தேன். எவ்வளவு பெருந்தன்மையான பெண் என்றுகூட நினைத்தேன்.

உனக்கு சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரி என்று ஆனபோதும் அது நிற்கவில்லை. வாடகை வண்டிக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் அவள் பார்வை ஷெட்டுப் பக்கம் போகும். "வூட்ல காரு நிக்கிது, ஆஸ்பத்திரிக்கிப் போறதுக்கு வாடக வண்டி. எல்லாம் இவரு பண்ண புண்ணியம்." நீ என் பக்கம் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். அதை நான் வலியை மறைக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். மச்சான், நான் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே வாழ்ந்திருக்கிறேன்.

போன மாசம் உன் முதல் வருஷ நினைவு ஜெபம். எல்லாரும் போன பிறகு ஸ்டெல்லா என்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். பாண்டிச்சேரியில் யாரோ ஒரு ஓட்டல்காரர் காரை வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்தக் கேட்கிறாராம். "குடுத்துடலாம்னு இருக்கேன்ணா. பாக்கப் பாக்க அவரு மேல கோவந்தான் வருது. செத்தவரு மேல எத்தினி நாளு கோவமா இருக்கறது?" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. செத்தும் உன்னையா திட்டுவது என்று இருந்தது. அதோடு, உண்மையைச் சொல்கிறேன், ஒன்பது வருஷமாக நெஞ்சில் கிடப்பதை இறக்கிவைத்தால் எனக்கு லேசாகும் என்றும் இருந்தது. "என்ன மன்னிச்சிடும்மா. இத்தினி நாளு நீ என் பேரச் சொல்லாம பொறுத்துக்கின. அந்த எஞ்சின ஆட்டோல ஏத்துனது நான்தானே" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "இன்னாணா சொல்றீங்க?"

"நீங்க தியாகதுருகம் போயிருந்தப்ப. ஷெட்ட கழுவுறேன்னு..."

"அவரு தானே போட்டாரு? ஊருக்குப் போற அன்னிக்கிக் காலையில, தெரியாம எடுத்துப் போட்டுட்டேன்னு எங்கிட்ட அவரு வாயாலயே சொன்னாரே."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் மாற்றிப் பேசியிருக்கலாம். இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. குவியல், சம்மட்டி, நீ புரட்டியது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்புறம் மெதுவாக, தனக்குத்தானே கணக்கு ஒப்பிப்பதுபோல, "கடைசி வாரங்கூடத் திட்டுனேனே. ஆம்புலன்ஸ்ல வச்சித் திட்டுனேனே. கையப் புடிச்சிக்கினு சிரிச்சாரே" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மச்சான், நீ எட்டு வருஷம் காப்பாற்றி வைத்ததை நான் ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் கெடுத்துவிட்டேன். என் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த எஞ்சினையும் நல்லது செய்கிறேன் என்றுதான் தூக்கிக் கொடுத்தேன். இதையும் அப்படித்தான். இரண்டு தடவையும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஓட்டல்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். சாயங்காலமானால் ஷெட்டுக்குப் போய், காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறாளாம். பெரியவள் போனில் சொல்லி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். என் மேல் கோபமில்லை. கேட்டைத் திறந்துவிடுகிறாள், டீ கொடுக்கிறாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறாள். "அவரு ஏண்ணா எங்கிட்ட நெசத்த சொல்லல?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லியிருந்தால் இந்தக் கேட் எனக்குத் திறந்திருக்காது. அவள் கோபம் உனக்குத் தெரியும், நான் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்றும் உனக்குத் தெரியும். உன் கோபத்துக்குப் பயந்துதான் அந்த மனுஷன் பொய் சொன்னான் என்று அவளிடம் நான் எந்த வாயால் சொல்வது?

"தெரியலம்மா" என்கிறேன். அடுத்த வாரமும் கேட்கிறாள். அடுத்த வாரமும் தெரியலம்மா என்றுதான் சொல்கிறேன்.