நொட்டாங்கைப் போட்டோ

குன்னம்
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அறிவழகனுக்கு,

பழனிவேல் எழுதுவது. இங்கே நானும் தேவயானியும் சுகம். குவைத்தில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்பதை உன் மனைவி கவிதா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறதே என்று பார்க்காதே. இடக்கையால் எழுதுகிறேன், டாக்டர் பழகச் சொன்னார். போனிலேயே பேசலாமே என்பாய். பேசலாம்தான், ஆனால் நான் ‘கை’ என்று ஆரம்பித்ததுமே உனக்கு டவர் போய்விடுகிறது. கடிதத்திடம் அந்த வித்தை பலிக்காது.

ஊரில் மழை பரவாயில்லை. சின்ன வெங்காயம் போட்டவர்கள் இனி மழை நின்றால் போதும் என்கிறார்கள். மக்காச்சோளம் போட்டவர்கள் படைப்புழுவைத் திட்டுகிறார்கள். நம் ஸ்டுடியோவின் ஷட்டர் துருப்பிடித்து, திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. பலகையில் என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரும் அப்படியேதான் இருக்கிறது.

நீ அனுப்பிய கேமரா வந்து சேர்ந்தது. நல்ல சாமான், குறை சொன்னால் நாக்கு அழுகும். ஒரு கையால் தூக்கலாம், திரையைத் தொட்டாலே போதும். என் கைக்கு எது தோது என்று நீ கடை கடையாக ஏறி இறங்கியிருப்பாய், தெரியும். அதை வைத்துக்கொண்டு வாசல், வயல், பஸ் ஸ்டாண்டு என்று எடுத்துப் பார்த்தேன். படம் துல்லியமாகத்தான் வந்தது. ஆனால் அறிவு, சந்தோஷம் வரவில்லையடா. சோப்பு டப்பாவைப் பிடித்த மாதிரி இருந்தது. படம் எடுத்தேனா, சும்மா எதையோ தொட்டேனா என்று எனக்கே சந்தேகம்.

நம் பழைய கேமராவில் பட்டனைப் பாதி அழுத்தினால் விரல் ஓரிடத்தில் நிற்குமே, மூச்சும் அங்கேயே நிற்குமே. அப்புறம் ‘டக்’கென்று உள்ளங்கை எலும்பில் ஓர் அதிர்வு. அது வந்தால்தான் அந்த முகம் எனக்குக் கிடைத்துவிட்டது என்று மனசு நம்பும். எனக்குக் கனம் வேண்டும். கழுத்து வலிக்க வேண்டும். ரப்பர் உரிந்த பிடியில் நீ சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினாயே, அந்தச் சொரசொரப்பு விரலில் பட வேண்டும். தேவயானியிடம் சொன்னால், ‘ஏங்க, படம் நல்லா வந்தா போதாதா, அது என்ன கன்னுக்குட்டியா, தடவிக்கிட்டே இருக்கீங்க’ என்கிறாள். உனக்குப் புரியும்.

ஒரு நாள் ஆத்திரத்தில் பழையதையே எடுத்தேன். வலக்கையில் நிற்கவில்லை, விரல்கள் மடங்க மறுத்தன. இடக்கையில் பிடித்தால் பட்டன் அந்தப் பக்கம். கேமரா செய்தவன் உலகத்தில் எல்லாரும் சோத்துக்கைக்காரர்கள் என்றே நினைத்துவிட்டான். எரிச்சலில் அதை அப்படியே கவிழ்த்தேன். அடேயப்பா! பிடி தானாக இடக்கைக்கு வந்தது. பட்டன் அடியில், கட்டைவிரலுக்கு நேராக. வலது முன்கையை லென்ஸுக்கு முட்டுக் கொடுத்தேன். கண்ணை வைத்தால் எல்லாம் நேராகத்தான் தெரிகிறது, கேமரா மட்டும்தான் தலைகீழ். பாதி அழுத்தினேன், நின்றது. மீதியும் அழுத்தினேன். டக். எடுத்தது கொடியில் காய்ந்த புடவையைத்தான். ஆனாலும் அழுதுவிட்டேன். உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அந்தத் தைரியத்தில், விக்கிரமங்கலத்தில் என் மச்சான் ராஜவேல் பேத்தியின் காதுகுத்துக்குப் போனேன். ராஜவேலின் அத்தை முத்தாயி, ‘நல்ல காரியத்துல நொட்டாங்கையா? அதையும் கவுத்துல்ல புடிச்சிருக்கான்!’ என்று பந்தலிலேயே பிடித்துக்கொண்டார். படம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று காட்டுகிறேன் பேர்வழி என்று, கேமராவை நிமிர்த்தித் திரையை நீட்டினேன். கவிழ்த்து எடுத்ததை நிமிர்த்தினால் கவிழ்ந்துதானே தெரியும்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். குழந்தை, தாய்மாமன், ஆசாரி எல்லாரும் தலைகீழாகத் தொங்கினார்கள். ‘ஐயையோ, புள்ளைய தலைகீழா எடுத்துட்டாண்டி!’ என்று அவர் போட்ட சத்தத்தில், ஊசிக்கே அழாத குழந்தை வீறிட்டது. பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள்.

பிறகு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாய்மாமன் மடியில் குழந்தை, பின்னால் முத்தாயி அத்தை, தனக்கே குத்துவதுபோலக் கண்ணை இறுக்கிக்கொண்டு. அதை அவர் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். போன வாரம் போன் வந்தது. ‘அந்த நொட்டாங்கைப் போட்டோல இன்னொண்ணு போட்டுக் குடுப்பா, எம் மவளுக்கு அனுப்பணும்’ என்றார். இப்போது அந்தப் பக்கம் எனக்குப் பெயரே நொட்டாங்கைப் போட்டோக்காரர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கவிதா நம் கீதாஞ்சலியின் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தது. குலதெய்வத்துக்கு வைத்த பிறகு அடுத்த பத்திரிகை எங்களுக்குத்தானாம். தட்டை நீட்டியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மங்கலத் தட்டை இடக்கையால் வாங்கலாமா? கவிதாவே என் வலக்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கி, தட்டை மேலே வைத்தது. கூடப்பிறந்ததுகூட அப்படிச் செய்யாது. அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னது. ‘அண்ணே, அரியலூர் மண்டபத்துல நீங்க முன் வரிசையில உக்காந்து வாழ்த்தணும். போட்டோவுக்கு அவரு திருச்சி ஆளுங்களச் சொல்லிட்டாராம்.’

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உன் மகளுக்குப் பெயர் வைத்த அன்றே படம் எடுத்தவன் நான். அவள் கழுத்தில் தாலி ஏறும்போது முன் வரிசையில் உட்கார்ந்து கல்கண்டு தின்பதா? பரிதாபத்தில் என்னை ஒதுக்குகிறாயா, இல்லை என் கையைப் பார்க்க உனக்குத் தைரியமில்லையா? கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து, முடிந்த மறுநாளே திரும்ப டிக்கெட் போட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டதும் இரண்டாவதுதான் என்று புரிந்துகொண்டேன்.

கீழப்பழுவூர் தாண்டி அன்றைக்கு வண்டி ஓட்டியது நீதான். யார் இல்லை என்றது? சிமெண்ட் லாரிக்கு ஒதுங்கினாய், மண்ணில் சக்கரம் சறுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த நான் இடக்கையால் கேமராப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலக்கையைத் தரையில் ஊன்றினேன். அவ்வளவுதான் நடந்தது. இன்னொரு முறை விழுந்தாலும் அப்படித்தான் விழுவேன். அதற்காக நீ கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டு, உனக்குப் பதில் ஒவ்வொரு சாமானாக அனுப்பிக்கொண்டிருந்தால் எனக்கு வலிக்காதா?

திருச்சி ஆட்கள் வரட்டும். வீடியோ, ட்ரோன், ஆல்பம் எல்லாம் அவர்கள் பாடு. என்னால் ஜூமைத் திருக முடியாது, ஒப்புக்கொள்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் மணவறைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க எனக்கு இடம் வேண்டும். சம்பந்தி வீட்டில் யாராவது முணுமுணுத்தால் முத்தாயி அத்தையை விட்டுப் பதில் சொல்ல வைக்கிறேன். உன் புதுக் கேமராவைத் தேவயானி எடுத்துக்கொண்டாள். கோழி, பூனை, கோலம் என்று ஒன்று விடவில்லை. அவள் கைக்கு அது பொருந்தியிருக்கிறது, அதனால் வீண் என்று நினைக்காதே.

கீதாஞ்சலி பதினாறும் பெற்று வாழட்டும். அவள் பின்னால் நீ நிற்கும்போது தலையைக் குனிந்துகொள்ளாதே. என் கையைப் பார்க்காதே, லென்ஸைப் பார். ‘டக்’கென்று கேட்கும். அப்புறம் இரண்டு பேரும் பந்திக்குப் போவோம். சோறு பிசைந்து தர வேண்டாம், ஸ்பூனில் சாப்பிடப் பழகிவிட்டேன். பக்கத்து இலையில் நீ உட்கார்ந்தால் போதும். அந்தத் திரும்பும் டிக்கெட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடடா.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்திருக்கும்
பழனிவேல்