நின்று நின்று போகிற கப்பல்

திருப்பூர்,
7-3-1994.

அன்புள்ள மயிலாளுக்கு,

ஆறுச்சாமி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். நீயும் உன் அண்ணன் கன்னையனும் வீட்டாரும் நன்றாக இருக்க வேண்டும். நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் தவிர நான் யாருக்கும் கடிதம் எழுதிப் பழகாதவன். எங்காவது கம்பெனி வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

இத்துடன் மூன்று வண்ணப் புத்தகங்களை இணைத்துள்ளேன். பார்த்து மிரள வேண்டாம். நம் கம்பெனியில் துணி வாங்கும் நார்வேக்கார பையர் ஹாகனையும் அவர் மனைவி அன்னாவையும் உனக்கு நினைவிருக்கும். எண்பத்தெட்டில் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நீ சந்தகை பிழிவதைப் பார்த்துவிட்டு, தானும் பிழிகிறேன் என்று அந்தம்மா நின்றது, பிறகு இரண்டு பேரும் கையெல்லாம் மாவோடு சிரித்தது எல்லாம் எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. அவர்கள் கடை ஆரம்பித்து இந்த ஜூலையோடு இருபத்தைந்து வருடமாம். பழைய ஆள் என்று நம்மைத் தம்பதியாக அழைத்திருக்கிறார்கள். அங்கே கோடைக்காலத்தில் கப்பலில் ஊர் சுற்றிக் காட்டுவார்களாம். எந்தக் கப்பல் என்று நாமே பார்த்துச் சொல்ல வேண்டும். செலவெல்லாம் அவர்களுடையது.

கடல் மலைகளுக்கு நடுவே புகுந்து, வாய்க்கால் மாதிரி உள்ளே வெகுதூரம் போகிறது. அதற்கு ஃபியோர்டு என்று பெயர். நான் அவசரத்தில் ஃபோர்டு என்று படித்துவிட்டு, கார் விளம்பரம் எதற்கு நமக்கு அனுப்பினார்கள் என்று ஒரு நாள் முழுக்க மேசையில் போட்டுவைத்திருந்தேன். அந்தத் தண்ணீரின் நீலத்தைப் பார். நம் பட்டறையில் நாலு தடவை முக்கி எடுத்தாலும் அப்படி வராது.

முதல் கப்பல் ஏழு மாடி. உள்ளேயே நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி எல்லாம் உண்டு. இரண்டாவது சின்னது, நாலே நாளில் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விட்டுவிடும். மூன்றாவதை நான் சரியாகப் படிக்கவில்லை. படமும் கம்மி, தாளும் மட்டம். என்னைக் கேட்டால் ஏழு மாடிதான். ஆனால் நீ பார்த்துச் சொல்வதுதான் முடிவு.

எந்தக் கேபின் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். இங்கே என் கண்ணாடி ரூமைத்தான் பையன்கள் கேபின் என்பார்கள், அதில் ஒரு நாற்காலி கிடக்கிறது. அங்கே கேபின் என்றால் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். தனி ஆளுக்கு என்று அறையே கிடையாது. படிவத்தில் இரண்டு பெயர் எழுத இடம் விட்டிருக்கிறார்கள்.

ஜூலை மாதம் அங்கே வடக்கே போகப் போகச் சூரியன் சாய்வதே இல்லையாம். எனக்கு எல்லாவற்றையும் விட அதுதான் பிடித்தது. மயிலாள், சாயங்காலம்தான் எனக்குக் கஷ்டம். ஆட்கள் போய், மிஷின்கள் நின்று, கம்பெனியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் எந்த விளக்கை முதலில் போடுவது என்று தெரியாமல் வாசலில் நிற்கிறேன். நீ பிரசவத்துக்கு உன் அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு வருடமாகிறது. சாயங்காலமே இல்லாத ஊர் ஒன்று இருக்கிறது என்று படித்ததும் அங்கே போனால் தேவலை என்று தோன்றியது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹாகன் ஒவ்வொரு ஃபேக்ஸிலும் கடைசி வரியில் உன்னை விசாரிப்பார். நீ இங்கே இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறாள் என்று எழுதினேன். அடுத்த முறையும் அதையே எழுதினேன். இப்படியே உன் அண்ணன் வீட்டில் ஒரு சீர், இரண்டு கல்யாணம், நாலு காதுகுத்து நடத்தி முடித்துவிட்டேன். போன வருடம் நேரில் வந்தபோது, உங்கள் மனைவிக்கு எத்தனை அண்ணன் என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு இப்போது பதில் சொல்ல வழி வந்திருக்கிறது. கப்பலை இரண்டு பேரும் சேர்ந்தே பார்க்கலாம்.

ஏப்ரல் பதினைந்துக்குள் படிவம் அங்கே சேர வேண்டும். உனக்கு பாஸ்போர்ட் எடுக்கவும் நாள் பிடிக்கும். நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். சம்மர் ஆர்டர் கடைசி ஷிப்மெண்ட் இந்த மாதக் கடைசியில் ஏற வேண்டும், கம்பெனியில் தலைக்கு மேல் வேலை. உன் பதிலை எதிர்பார்த்து,

ஆறுச்சாமி.

*

குண்டடம் வழி,
20-3-1994.

மதிப்பிற்குரிய உங்களுக்கு,

மயிலாள் எழுதிக்கொண்டது. கடிதமும் புத்தகங்களும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சௌக்கியம். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, அண்ணன் மாட்டில் ஒன்றை விற்றுவிட்டார். என்னிடம் இப்போது ஐந்து பெண்கள் தையல் கற்றுக்கொள்கிறார்கள்.

புத்தகங்களை நான் நன்றாகவே பார்த்தேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற ஜானகியம்மாள் டீச்சர் மூன்றையும் வரி விடாமல் வாசித்து அர்த்தம் சொன்னார். ஏழு மாடிக் கப்பல் எந்த ஊரிலும் ஒழுங்காக நிற்பதில்லை, தூர நின்று காட்டிவிட்டுப் போய்விடுகிறது. சின்னதும் அப்படித்தான், திரும்பி வருவதிலேயே குறியாக இருக்கிறது. மட்டமான தாள் என்று எழுதினீர்களே, அந்த மூன்றாவதுதான் நல்ல கப்பல். அது தபால் கப்பலாம். கரையோரமாக முப்பத்து நாலு ஊருக்குத் தபாலும் சாமானும் கொண்டுபோகிறது. பத்து வீடு இருக்கிற ஊர் என்றாலும் நிற்குமாம். ஒரே ஒரு மூட்டையை இறக்க வேண்டுமென்றாலும் நிற்குமாம். பன்னிரண்டு நாள் ஆவது அதனால்தான். நீங்கள் போவதாக இருந்தால் அதில் போங்கள். நின்று நின்று போகிற கப்பலைப் பார்த்தால் உங்களுக்கு நல்லது.

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். என்ன கேட்டேன் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வலி எடுத்த அன்று அண்ணன் உங்கள் கம்பெனிக்கு போன் போட்டார். "கப்பல் போயிருமுங்க மச்சான், ஏத்தி உட்டுட்டு ஓடியாந்தர்றேன்" என்றீர்கள். குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது என்று மறுநாள் மறுபடி போட்டார். அப்போதும் கப்பல் என்றீர்கள். மூன்றாம் நாள் நீங்கள் வந்தபோது அண்ணன் அவளை எங்கள் தோட்டத்துக் காட்டில் அடக்கம் செய்துவிட்டு, குளித்து, ஈரத் துண்டோடு நின்றிருந்தார். அப்போது கேட்டேன். "ஏனுங்க, அந்தக் கப்பல ஒரு நாளாச்சும் நீங்க கண்ணுல பாத்திருக்கீங்களா?" இல்லை என்றீர்கள். என் குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது எதை என்றுதான் கேட்டேன். கப்பலைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் பதினோராம் தேதி வந்தது. காலையில் காட்டுக்குப் போய் அவள் கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டு வந்து கை கழுவுகிறேன், தபால்காரர் கூப்பிடுகிறார். உறையைப் பார்த்ததும், அவள் போன நாள் தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். நாலு பக்கத்தையும் தேடிப் பார்த்தேன். நீச்சல் குளம்தான் இருந்தது.

அவள் ஒன்றரை நாள் இருந்தாள். அவளுக்கு நான் பேர் வைத்தேன், அது உங்களுக்குத் தெரியாது. நாலு வருடத்தில் ஒரு தரம் கூட நீங்கள் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் டீயிலேயே பொழுதை ஓட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
கன்னையன் தங்கை மயிலாள்.

*

திருப்பூர்,
6-4-1994.

மயிலாளுக்கு,

உன் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கன்னையன் தங்கை என்று நீ எழுதியதை நான் கவனித்தேன். கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

கடிதம் வந்தபோது பேக்கிங் நடந்துகொண்டிருந்தது. வாசலில் லாரி நின்றது. ஹாகனுடைய நாலாயிரம் பீஸ், குழந்தைகள் போடுகிற சட்டை. நான் பெட்டிகளுக்கு நடுவே நின்று இரண்டு தடவை படித்தேன். செக்கிங்கில் இருக்கும் ஒச்சம்மாள், உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா, பார்த்துவிட்டு வந்து என்ன என்று கேட்டாள். ஊருக்குப் போக வேண்டும் என்றேன். போங்க என்றாள். ஷிப்மெண்ட் இருக்கிறதே என்றேன். "எட்டு வருசமா பெட்டியடிக்கறேன், நீங்க பக்கத்துல நிண்டாத்தான் லாரி ஏறுமா?" என்று கேட்டாள். நான் பல்லடம் போய் அங்கிருந்து குண்டடம் பஸ் ஏறினேன்.

ஆமாம், மார்ச் இருபத்தெட்டாம் தேதி நான் அங்கே வந்தேன். நீ பார்க்கவில்லை.

உன் அண்ணன் வீட்டுக்கு வருகிற வழியில் திரும்பாமல் காட்டு வழியாகப் போனேன். கல்லைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. மஞ்சள் இன்னும் இருந்தது. இவ்வளவு சின்னக் கல்லாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் நாளொன்றுக்கு ஆயிரம் குழந்தைச் சட்டை அளந்து பார்க்கிறவன். மூன்று மாதக் குழந்தைக்கு என்ன அளவு, ஆறு மாதத்துக்கு என்ன அளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒன்றரை நாள் குழந்தைக்கு என்ன அளவு என்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

உன் அண்ணன் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு வந்து தள்ளி நின்றார். நாலு வருடத்துக்கும் சேர்த்து அவர் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. "மூக்கு உங்களாட்டமேதானுங்க மாப்ள" என்றார். நான் பேர் என்ன என்று கேட்டேன். "அத அவகிட்டத்தான் கேக்கோணும்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

வேலி வரைக்கும் வந்தேன். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நீ யாருக்கோ காஜா எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். குரல் மாறவே இல்லை. ஜன்னல் பக்கத்து மிஷினில் பெல்ட் தளர்ந்திருக்கிறது, சத்தத்திலேயே தெரிந்தது, அதை மாற்றச் சொல். எந்த முகத்தோடு உள்ளே வருவது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். உன் அண்ணனைக் கோபித்துக்கொள்ளாதே, சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

பொழுது சாயத் திருப்பூர் வந்து சேர்ந்தேன். கம்பெனி பூட்டியிருந்தது. லாரி பகல் மூன்று மணிக்கே தூத்துக்குடிக்குக் கிளம்பிப் போயிருந்தது. ஒரு பெட்டி குறையவில்லை, ஒரு தாள் விட்டுப்போகவில்லை. மயிலாள், நான் இல்லாமல் கப்பல் போய்விட்டது. அன்றைக்கும் போயிருக்கும். இதைத்தான் ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் கேட்டாய் என்பது, அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு விளங்கியது.

அன்னாவுக்கு உண்மையை எழுதிவிட்டேன். விசேஷம் எல்லாம் பொய், என் மனைவி என்னைவிட்டுப் போய்விட்டாள், குற்றம் என்னுடையது என்று ஃபேக்ஸ் அனுப்பினேன். ஃபேக்ஸ் கடை ஆபரேட்டர் பையன் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் காசை வாங்கிக்கொண்டான். மறுநாளே அந்தம்மா பதில் போட்டாள். தபால் கப்பலில் இரண்டு கட்டில் உள்ள அறையைச் சொல்லி வைத்திருக்கிறாளாம். இரண்டாவது பெயரை ஜூன் வரைக்கும் எழுதாமல் விடலாமாம், அதற்குள் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் நான் மட்டும் போய் இரண்டு கட்டிலில் எதில் வேண்டுமானாலும் படுத்துக்கொள்ளலாமாம். கேலியா இரக்கமா தெரியவில்லை. நீ சொன்ன கப்பல்தான் என்று குறி போட்டு, என் பெயரை மட்டும் எழுதிப் படிவத்தை அனுப்பிவிட்டேன். உன் பெயரை எழுத எனக்கு உரிமையில்லை.

இந்தக் கடிதத்துக்குள் நான் எதையும் இணைக்கவில்லை. கையெழுத்துக்குக் குறியும் போடவில்லை. திரும்பி வா என்று கேட்கிற தைரியம் வரவில்லை. வருகிற மார்ச் பதினோராம் தேதி காட்டுக்கு வருவேன். நீ சம்மதித்தால் கல்லுக்கு நானும் மஞ்சள் பூசுவேன், வேண்டாம் என்றால் தூர நின்றுவிட்டுப் போகிறேன்.

அதற்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. சாயங்காலங்களில் நான் இங்கே தனியாகத்தான் இருக்கிறேன். கூப்பிட ஒரு பேர் வேண்டும். கப்பலுக்கு வராவிட்டாலும் போகிறது, இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாவிட்டாலும் போகிறது. ஒரு கார்டு வாங்கி, குழந்தைக்கு என்ன பேர் வைத்தாய் என்பதை மட்டும் எழுதிப் போடு, சாமி.

இப்படிக்கு,
அந்தக் குழந்தையின் அப்பன்,
ஆறுச்சாமி.