இடது காதுப் பக்கம்

மார்ச் 3

இன்று குழாய் வேலைக்குப் போகவில்லை. மகளுக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை என்று பரிசோதனை. பதினாறு வயதாகியும் வீட்டில் அவளுக்கு ‘வாலு’தான் பெயர். தலையில் ஒயர்களை ஒட்டிக் காதில் டிக் டிக்கென்று சத்தம் விட்டார்கள். பிறகு ஸ்கேனும் எடுத்தார்கள்.

“காது நல்லாத்தான் இருக்கு. கேட்டது மூளைத்தண்டுக்குப் போய்ச் சேரல. வழியில ஒரு கட்டி,” என்றார் டாக்டர்.

கேட்கிற நரம்பும் தடுமாறாமல் நிற்க வைக்கிற நரம்பும் சேர்ந்தே அங்கே போகின்றனவாம். ஊரார் வீட்டு அடைப்பையெல்லாம் கம்பி விட்டு எடுக்கிறவன் நான். பெரிய மேதை மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 9

அறுவை சிகிச்சை. வெளியே பெஞ்சு. வேறென்ன எழுத?

மார்ச் 11

கட்டி போய்விட்டது. இடது காதும் போய்விட்டது. அந்தப் பக்கத்து நிற்க வைக்கிற நரம்பும்.

மார்ச் 24

எழுந்தால் சாய்கிறாள். “தரை கப்பல் மாதிரி ஆடுதுப்பா.” சும்மா இருப்பேனா? படுக்கையிலிருந்து கழிவறை வரை சுவரோடு குழாய் போட்டுக் கைப்பிடி வைத்துவிட்டேன். “இது வீடா, பஸ்ஸா?” என்றாள் மனைவி. வாலு அதைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று நடந்தாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 6

நடக்கப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். “யார் வேலை இது?”

“நான்தாங்க,” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

“கழட்டிடுங்க. பிடிச்சு நடந்தா மூளை சோம்பேறி ஆயிடும். தடுமாறித்தான் மிச்சமிருக்கிற ஒரு பக்கத்த வெச்சு நிக்கக் கத்துக்கும். நீங்களும் பிடிக்காதீங்க. தலையில மட்டும் அடிபடாம பாத்துக்குங்க.”

ஏப்ரல் 7

கழற்றினேன். மாட்டியதைவிட இதற்குத்தான் நேரமானது.

ஏப்ரல் 15

கூடத்தில் விழுந்தாள். முழங்கையில் ரத்தம். நான் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் — கையைக் கட்டிக்கொண்டு.

“பாத்துட்டே நிக்கிறியேப்பா!”

ஆமா, நிக்கிறேன். பெத்த பிள்ள விழுறத வேடிக்க பாக்க ஒரு அப்பனா? பிடிச்சா கெடுக்கிறேன், பிடிக்கலைன்னா கொல்றேன் — நான் என்னதான் செய்ய?

“ஏங்க, சாப்பிட வாங்க.” போகவில்லை.

மே 2

விழவில்லை. சுவரைத் தொட்டாள். பார்க்காதது போலப் பார்த்தேன்.

மே 20

“கடைக்குத் தனியாப் போறேன். பின்னாடி வந்தே, அவ்வளவுதான்!” என்று மிரட்டிவிட்டுக் கிளம்பினாள். வாசலிலேயே நின்றேன். பாதித் தெருவில் ஒரு சாய்வு. வாயைத் திறந்துவிட்டேன். கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்குமோ என்னவோ, இடது காதுதான் என் பக்கம் இருந்தது. கூப்பிடவில்லை. தானே நிமிர்ந்தாள். முனை கடக்கும் வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

நல்லவேளை. திறந்த வாயை நான் இன்னும் மூடவில்லை.