ஊசி போடாத எட்டு முயல்கள்

ஆர்வில், ஒஹையோ
அக்டோபர் 9, வியாழன் மதியம்

அன்பு மகள் மார்னிக்கு,

அப்பா எழுதுவது. கப்பல் வேலையில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. உன்னைப் பயப்படாதே என்கிறேன், எனக்குத்தான் செவ்வாய்க்கிழமையிலிருந்து பயம் விடவில்லை. காகிதத்தில் எழுதி நாடின் அத்தையின் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன்.

இங்கே நான்கு நாளாக மழை. சோயா அறுவடை பாதியில் நிற்கிறது. கொட்டகைக் கூரையில் ஒழுகிய இடத்தை நானே ஏறி அடைத்தேன். இந்த வயதில் உனக்கு ஏணி ஒரு கேடா என்று நாடின் திட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை தீவனம் வைக்கப் போனேன். காதில் பதினான்கு என்று பச்சை குத்தின பெட்டை முயல்குட்டி செத்துக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் வைத்ததை மிச்சமில்லாமல் தின்ற குட்டி, மார்னி. உடம்பில் ஒரு கீறல் இல்லை. தலை பின்னால் வளைந்திருந்தது, மூக்கில் ஒரு சொட்டு ரத்தம். அது என்னவென்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்ற கூண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

இனி எழுதப் போவதைப் பொறுமையாகப் படி. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றிக் கொல்கிற அந்த ரத்தக்கசிவு நோய்க்கு எல்லா முயலுக்கும் ஊசி போடச் சொல்லி ஆகஸ்டில் நீ மூன்று தடவை எழுதினாய். போட்டாச்சு என்று நானும் பதில் எழுதினேன். கொட்டகையில் இருக்கிற தாய் முயல்களுக்கும் கடாக்களுக்கும் போட்டது உண்மை. முயல் கண்காட்சிக்கென்று பொறுக்கி வைத்த எட்டு புகைமுத்து நிற முயலுக்கு மட்டும் போடவில்லை, செத்த குட்டியும் அதில் ஒன்று. ஊசி போட்ட இடத்தில் முடி கொட்டிச் சொட்டை விழும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டேன். வெல்வெட் மாதிரி இருக்கிற அந்த ரோமத்தில் நடுவர் கையை வைத்துத் தடவும்போது ஒரு வழுக்கை தட்டுப்பட்டால் எல்லாம் போச்சே என்று பயந்தேன். கண்காட்சி முடியட்டும், அன்றைக்கே போட்டுவிடலாம் என்று தள்ளிப் போட்டேன். புத்தி கெட்டவன்.

போன வருஷம் நாம் காட்டின ஆறு முயலும் ஆறு நிறமாக இருக்கிறது என்று நடுவர்கள் திருப்பி அனுப்பினார்களே, அந்த அவமானம் எனக்குள் இன்னும் ஆறவில்லை. இந்தத் தடவைதான் கடைசி வாய்ப்பு. இதிலும் தவறினால் இந்தப் புது நிறத்தை முயல் சங்கத்தில் ஏற்க வைக்க உன் பெயரில் இருக்கிற அனுமதி ரத்தாகிவிடும், வரிசையில் அடுத்து நிற்கிற டெக்சாஸ்காரி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நீ பள்ளியில் படிக்கும்போது தொடங்கின நிறம் இது. உன் அம்மா போனதற்கப்புறம் நாம் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசினதெல்லாம் இந்த முயல்களைப் பற்றித்தான்.

அதனால்தான் அந்தக் காரியம் செய்தேன். அரசாங்க மாட்டு டாக்டருக்குப் போன் பண்ணுமுன், மிச்சம் ஏழு முயலையும் பெட்டியில் வைத்து நாடின் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துணி துவைக்கிற அறையில் அடைத்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு முயலுக்கு இடம் கொடுத்தேன், நாளைக்கு நீயும் பெட்டியோடு வந்து நிற்பாய் என்றாள். விஷயத்தைச் சொல்லவில்லை. கூரை ஒழுகுகிறது என்றேன்.

அப்புறம் போன் பண்ணினேன், டாக்டர் பெக் என்று ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும். வெள்ளை அங்கி, பூட்சை மருந்துத் தண்ணீரில் முக்கி முக்கி நடந்தாள். குட்டியை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் ஊசி போட்டாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றேன். இங்கிருந்து எதுவும் வெளியே போகவில்லையே என்றாள். இல்லை என்றேன். என் முகத்தையே பார்த்தாள்.

“ஊசி போட்ட முயல் இப்படிச் சாகாதுங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள்.

யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டு, ஒன்றுமில்லை என்றேன். சோதனை முடிவு வெள்ளிக்கிழமை வரும் என்றாள். நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். அந்தக் கையெழுத்தும் பொய்தான்.

நேற்று முழுக்க ஒரு கணக்குப் போட்டேன். குட்டிக்கு மாற்று இருக்கிறது, காட்ட வேண்டிய ஆறு எப்படியும் தேறிவிடும், லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று. அந்தக் கண்காட்சி மண்டபத்தில் ஒரே கூரைக்குக் கீழ் இருபதாயிரம் முயல் வரும் மார்னி. எத்தனை பிள்ளைகள் தங்கள் முயலை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள், நீயும் அப்படி நின்றவள்தானே. அது தெரிந்தும் கூண்டுகளைத் துடைத்து லாரியில் வைத்தேன். இதை எழுத எனக்கே பயமாக இருக்கிறது.

இன்று காலை பதினொரு மணிக்கு நாடின் கூப்பிட்டாள்.

“அண்ணே, அந்தப் பெரிய கடா காலையிலருந்து தீனில வாய வைக்கல. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க முயலை எடுத்துட்டு வந்து இதுங்கள பாக்கணும்னு வாசல்ல நிக்குதுங்க. உள்ள விடவா?”

விடாதே, கதவைச் சாத்து, நீயும் அவர்கள் வீட்டுப் பக்கம் போகாதே என்று கத்தினேன். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “டாக்டருக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?” என்று மட்டும் கேட்டாள்.

நானே சொல்கிறேன் என்றேன். இந்தக் கடிதத்தை முடித்ததும் டாக்டர் பெக்குக்குப் போன் பண்ணப் போகிறேன், எண்ணை எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன். மற்றவர் வாயால் உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் முதலில் உனக்கு எழுதினேன். ஏழு முயலையும் கொண்டுபோய்விடுவார்கள். திரும்பி வராது. கொட்டகையில் இருப்பவை தப்பலாம், தப்பாமலும் போகலாம். கண்காட்சி நமக்கு இல்லை. சங்கத்துக்கும் நானே எழுதுகிறேன், உன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தெளிவாக எழுதுகிறேன்.

கண்காட்சிக்கென்று நீ பத்து நாள் லீவு வாங்கியிருக்கிறாய். அதை ரத்து செய்துவிடாதே அம்மா. கண்காட்சி நடக்கிற ஊருக்கு எடுத்த விமானச் சீட்டை க்ளீவ்லாந்துக்கு மாற்றிக்கொள். திட்டுவதாக இருந்தாலும் நேரில் வந்து திட்டு, நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா வந்து வீட்டில் இரு. எந்த விமானம் என்று ஒரு வரி எழுது. நான் விமான நிலையத்தில் வந்து நிற்கிறேன்.

கடவுள் உன்னைக் கடலில் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா
வெர்ன்