அந்தச் ‘சோறே’ என்னுடையது

பையின் ஸிப்பைத் திறந்ததும் நோவெண்ணெய் மணம் வந்தது. நேற்றுப் பின்னேரம் உன் கணவர் கொண்டுவந்து தந்த பை. உள்ளே நீ மேளம் அடித்த இரண்டு கம்புகளும், அவற்றைச் சுற்றிய நீலத் துணியும் இருந்தன. வகுப்புக்கு முன் காருக்குள் இருந்து நீ மணிக்கட்டில் பூசுகிற அதே எண்ணெய். “நீங்களே வச்சிருங்கோ தங்கச்சி. வீட்டில கிடந்தா என்னால பார்க்கேலாது” என்றார். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கம்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஜப்பானிலிருந்து நீ வாங்கி வந்தவை. உன் சின்னக் கைக்கு அளவானவை, என் கைக்குள் கொஞ்சம் மெலிவாக நிற்கின்றன. செத்துப்போன சிநேகிதியின் பொருள் கைக்கு வந்தால் மனிதருக்கு அழுகை வரும். எனக்கு முதலில் வந்தது பொறாமை. உன்னிடம் அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது?

தைக்கோ என்கிற ஜப்பானியப் பெருமேளத்தை உனக்குக் காட்டியவள் நான். சிட்னி செவன் ஹில்ஸ் நூலகத்தில் ஒட்டியிருந்த வகுப்பு அறிவித்தலை முதலில் பார்த்ததும் நான்தான். தனியாகப் போகக் கூச்சப்பட்டு, முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த உன்னை இழுத்துக்கொண்டு போனேன். “ஐம்பது வயசில மேளம் அடிச்சு ஆருக்கடி கலியாணம்?” என்று கேட்டுக்கொண்டேதான் வந்தாய். தொழிற்பேட்டைக்குள், டயர் கடைக்குப் பின்னால் இருந்த அந்த மண்டபத்தில் முதல் அடி விழுந்ததும் உன் வாய் மூடிக்கொண்டது. நீ என்னை முந்தப்போகிறாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடிக்கு நடுவே ஒருவரையொருவர் உசுப்பேற்ற அவர்கள் ‘ஸொரே’ என்று கூவுவார்கள். ‘அப்படித்தான், விடாதே’ என்கிற மாதிரி. அன்று காலை ஷிஃப்டும் செய்துவிட்டு, மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிடாமல் போயிருந்தோம். திரும்பி வரும்போது நான் காருக்குள் சொன்னேன்: “அவங்கள் சோறே சோறே எண்டு கத்துறாங்கள். கத்தினதோட சரி, ஒருத்தரும் ஒரு பிடி தரேல்லை.” நீ சிரிக்கத் தொடங்கினாய். ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் காரை ஓரமாக நிற்பாட்டி, தலையை அதில் வைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாய். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான். “போதுமடி, வயிறு நோகுது” என்று நீ கெஞ்ச, நான் இன்னொருதரம் “சோறே” என்றேன்.

அடுத்த கிழமை வகுப்பில் நீ அதைத் தமிழ் றகரம் தெறிக்கக் கத்தினாய். எங்கள் ஆசிரியை, ஜப்பானிலிருந்து வந்து சிட்னியில் குடியேறிய அந்த அம்மா, திரும்பிப் பார்த்து, இந்தக் குரல்தான் வேண்டும் என்றார். நானும் கத்தினேன். எனக்கு யாரும் திரும்பவில்லை.

பிறகு ஆட்டம் தொடங்கியது. மீனவர்கள் வலை இழுப்பதைக் காட்டுகிற ஆட்டம். நான் பருத்தித்துறைக் கடற்கரையில் வளர்ந்தவள், வலை இழுக்க எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நீ கொழும்பு வெள்ளவத்தை மாடிவீட்டுப் பிள்ளை. நீ இழுத்தது ஜன்னல் சீலையை இழுத்து மூடுவதுபோல இருந்தது. என் குசினியில் கதிரைகளைத் தள்ளிவிட்டு, போர்வையின் ஒரு நுனியை உன்னிடம் தந்து மறுநுனியை நான் பிடித்து, “கையால இல்லையடி, குதிக்காலால இழு” என்று காட்டினேன். நன்றாகப் பிடித்துக்கொண்டாய். ஜப்பானில் உன் ஆட்டத்தை மெச்சினார்களாம். அவர்கள் மெச்சிய குதிக்கால் என்னுடையது.

அந்த ஜப்பான் பயணத்துக்கு இருவரும்தான் பெயர் கொடுத்தோம். ஒரு தீவில் தங்கி, மேளமும் ஆட்டமும் அங்குள்ளவர்களிடமே படிக்கிற பயணம். மனேஜர் வேலைமுறை ரோஸ்டரை விரித்துவைத்து, ஒரே பிரிவில் இரண்டு பேரை ஒன்றாக லீவில் விட ஏலாது, ஒருவர் போங்கள் என்றாள். நீ என் முகத்தைப் பார்த்தாய். “நீ போடி” என்றேன். ஒருதரமாவது மறுப்பாய் என்று நினைத்தேன். “உண்மையாவோ? அப்ப சரி” என்றாய்.

நீ அங்கே மேளம் அடித்த நாட்களில் நான் உன் ஷிஃப்டுகளையும் சேர்த்துச் செய்தேன். கட்டில் விரித்தேன், ஆட்களைக் குளிப்பாட்டினேன். வட்ஸ்அப்பில் உன் குரல் வரும். “எடியே, இங்க அடிச்சா நிலம் அதிருது. கையெல்லாம் கொப்புளம். நீயும் வந்திருக்க வேணும்.” கடைசி வசனத்தைக் கேட்டால் போனைச் சுவரில் எறியலாம்போல இருக்கும். உன் கொப்புளத்துக்குக்கூடப் பொறாமைப்பட்டேன். என் கையில் இருந்தது கையுறைத் தூள்தான்.

நீ திரும்பி வந்தபோது ‘சோறே’ உன்னுடையதாகிவிட்டிருந்தது. தீவில் சாப்பாட்டு மேசையில் கதையைச் சொன்னாயாம், பசியோடு போன உன் காதிலேயே அப்படி விழுந்ததாக. “அது நான் சொன்னதெல்லோ” என்று கேட்டேன். நீ கொஞ்சமும் அசையவில்லை. “ஓமடி, உன்ரதான். ஆனா உன்ர எண்டு சொன்னா, நீ ஆர், ஏன் வரேல்லை எண்டெல்லாம் விளக்க வேணும். என்ர எண்டா உடன சிரிப்பாங்கள்.” கோபத்தில் உன் தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் தந்தேன். அதையும் குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றாய்.

அதற்குப் பிறகு மேடையில் நடுவில் நிற்கிற பெரிய மேளம் உனக்கு, ஓரத்தில் சேகண்டி மாதிரி ஒரு சின்னத் தட்டு எனக்கு. உன் கணவர் எடுத்த வீடியோவில் என் முழங்கை மட்டும் வருகிறது. நிகழ்ச்சி முடிய ஒரு அன்ரி என்னைத் தேடி வந்து, “உங்கட சிநேகிதி கலக்கிப்போட்டா” என்றார். ஓம் அன்ரி என்று சிரித்தேன்.

போன குளிர்காலத்தில் உனக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியிலும் தாதிமார் உன் அறையில்தான் வந்து நின்று கதைத்தார்கள், அதையும் கவனித்தேன். ஒருநாள் போர்வையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே, “இனிப் பெரிய மேளம் உனக்குத்தான்” என்றாய். “உன்ர மிச்சம் எனக்கு வேண்டாம்” என்றேன். நீ சிரித்தாய். சத்தம் வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. வசந்தம் தொடங்குமுன் போய்விட்டாய்.

இப்போது குழு மறுபடியும் அந்தத் தீவுக்குப் போகிறது. நானும் போகிறேன். போன ஞாயிறு ஆசிரியை எங்களை எல்லாம் நிலத்தில் இருத்தி, தீவில் உன் நினைவாக ஒரு மேளம் அடிக்கப்போகிறோம், முடிவில் எல்லாரும் உன் சொல்லைக் கத்தவேண்டும் என்றார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, பசியோடு வந்த உன் கதையையும் சொன்னார். சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

“அது நான் சொன்னது” என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

ஆசிரியை எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தார். துக்கத்தில் பிதற்றுகிறவளின் தோளில் வைக்கிற கை அது. “தெரியும், நீங்கள் இருவரும் அவ்வளவு நெருக்கம்” என்றார். அதற்குமேல் என்ன சொல்ல? ‘ஓம், இவள்தான் சொன்னவள்’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. சொல்லை எடுத்தாய், சரி. எனக்கிருந்த ஒரே சாட்சியையும் அல்லவா கொண்டுபோய்விட்டாய். நேற்று உன் கணவரிடம் கேட்டுப்பார்க்க வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

தீவில் உன் கம்புகளால்தான் அடிக்கப்போகிறேன். கொப்புளம் வரட்டும், அதுவாவது என்னுடையதாக இருக்கும். எல்லாரோடும் சேர்ந்து கத்துவேன். சொல்லை அவர்கள் உன் பெயரிலேயே வைத்திருக்கட்டும். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை என்பதை நீயாவது தெரிந்துகொள். ஆனால் அந்தச் சொல்லுக்கு நீ காரை நிற்பாட்டிச் சிரித்ததை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். என் பகிடிக்கு இனி ஒருவரும் அப்படிச் சிரிக்கப்போவதில்லை. அந்தச் சிரிப்பு என்னிடம்தான் இருக்கிறது.

லீவு எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். இந்தமுறை மனேஜர் ரோஸ்டரை விரிக்கவேயில்லை. கேட்டவுடன், போய் வா என்றாள். எங்கள் பிரிவில் அந்தக் கிழமைகளுக்கு லீவு கேட்டவள் நான் ஒருத்திதான்.