ஆளுக்கு ஒரு அடி

பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு, உன் ஞாயிறு மாமா சொல்லி எழுதுவது.

ரயில் பாலம் ஆற்றில் விழுந்து, பெட்டிகளை மூன்று நாள் கயிறு கட்டி இழுத்தார்களே, அந்த வருஷம். அம்மை ஊசிக்குப் பயந்து ஜனங்கள் கூரைமேல் ஏறியதும் அதே வருஷம்தான். இறைச்சிக்கூடத்தில் நாங்கள் நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் செய்ததும் அப்போதுதான். உனக்கு மூன்று வயது.

போன மாதம் உன் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு, என் கையைப் பிடித்துக் கேட்டாயே: "அப்பாவ அடிச்சதா ஊரு பேசுற அந்த ஏழு பேரு யாரு மாமா? சாகுற வரைக்கும் அவரு வாயே திறக்கல." அங்கே சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். எனக்கு எழுத்தும் தெரியாது. இந்த முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் அம்மா, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஆளுக்கு ஒரு அடிதான். சுத்தியல் நெற்றியில் விழுந்தும் மாடு சாயவில்லை என்றால் அடித்தவன் விலகிவிட வேண்டும், அடுத்தவன் வருவான். தவறவிட்டவன் ஆத்திரத்தில் மறுபடி ஓங்கினால் மாட்டுக்கும் வதை, பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து.

வேலைநிறுத்தத்தின்போது பட்டியில் அறுபது மாடுகள் தண்ணீர் இல்லாமல் கதறிக்கொண்டு கிடந்தன. உன் அப்பா முதலில் இருட்டில், பிறகு பட்டப்பகலிலேயே, தினமும் சுவரேறிக் குதித்துத் தண்ணீர் காட்டினார். முப்பதாம் நாள் பிடித்தோம். கருங்காலி என்றார் மேஸ்திரி. உன் அப்பா வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "சண்டை முதலாளியோட. மாடு என்னய்யா பண்ணுச்சு?" என்றார்.

"வேதக்காரன் மாட்டுக்கும் ஞானஸ்நானம் குடுப்பான் போல" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

வரிசையில் நின்றோம். சுத்தியல் காம்பு, ஆளுக்கு ஒரு அடி. அப்படி அடித்தால் ஒருவன்கூடக் கொலைகாரன் ஆகமாட்டான் என்று எங்கள் புத்திக்குப் பட்டது. மேஸ்திரி அடித்ததில் முழங்கால் நொறுங்கியது. அடுத்தது தாடை. அடுத்தது இடது கண். நான்காமவன் அடித்தபோது விலா ஒடிந்த சத்தம் பச்சைக் கழி முறிந்ததுபோல் கேட்டது. ஐந்தாவது அடி தோளில். அதை அடித்தவன் நான்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் ஞாயிறு மாமா (கைநாட்டு)


பிப்ரவரி 21

மாமாவுக்கு,

இப்படி எழுதவே கை கூசுகிறது. என்னைத் தோளில் தூக்கிச் சுமந்த ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை! எனக்குப் பென்சில் சீவிக் கொடுத்தது அந்தக் கைதானா?

அப்பாவுக்குத் தெரியாமல்தானே வீட்டுக்குள் வந்தீர்கள்? தெரிந்திருந்தால் எப்படிச் சிரித்துப் பேசியிருப்பார்? அம்மா முப்பது வருஷம் ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்துத் துடைத்தே செத்தாள். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு பாட்டுப் பாடினார். "ஒத்தக் கண்ணு இருக்கறவனுக்குத் தூசி விழுறதும் பாதிதான்" என்று ஜோக் வேறு. சின்ன வயதில் அந்தப் பாட்டைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கஷ்டம் தெரியாத மனுஷன் என்று நினைத்தேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். மற்ற ஆறு அடியோடும் எழுந்து நடந்திருப்பார், முதுகெலும்பில் விழுந்த கடைசி அடிதான் படுக்க வைத்தது என்று டாக்டர் சொன்னாராம். அந்த ஏழாவது ஆள் யார்? உயிரோடு இருக்கிறானா?

இப்படிக்கு,
அவர் மகள்


மார்ச் 2

மகளே,

உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். போலீஸ் கேட்டபோது "மாடு முட்டிருச்சு" என்றார். நாங்கள் அவரை நம்பவில்லை. ஒருநாள் காட்டிக்கொடுத்துவிடுவார் என்று பயந்து, ஒரு வருஷம் கழித்து, இடுப்பில் கத்தியோடு உங்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். கழுத்தை அறுத்துவிட்டுப் போகத்தான் வந்தேன். மறைக்கவில்லை.

கட்டிலிலிருந்து என்னைப் பார்த்து, "வாங்கண்ணே. அஞ்சாவது அடிதானே நீங்க? அடி சுமார்தான், கை நடுங்கிருச்சு" என்றார். அப்புறம், "கத்திய அங்க வெச்சிட்டு இந்தத் தலகாணியக் கொஞ்சம் தூக்கி விடுங்க" என்றார். தூக்கி விட்டேன். அடுத்த ஞாயிறும் வந்தேன். அவ்வளவுதான், வேறு கதை இல்லை.

கஷ்டம் தெரியாதவர் என்கிறாயே. என் மகனைச் சந்தையில் குடல் சரியக் குத்திப் போட்டார்கள். குத்தியவன் வீட்டை வேரோடு அழிக்கச் சுத்தியலோடு கிளம்பியவன், உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போக வந்தேன். அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். உதறினேன். கட்டிலோடு இழுத்துத் தரையில் போட்டேன். வாசல் வரை தரதரவென்று இழுபட்டு வந்தார், முழங்கை தோலுரிந்து ரத்தக்கோடு விழுந்தது. பிடியை விடவில்லை. "என்ன வேணா பண்ணுங்கண்ணே, விடமாட்டேன். உங்களயும் பறிகுடுக்க என்னால ஆகாது" என்றார். அந்த ரத்தத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இருவருமாக ஜெபித்தோம். அன்று எனக்குள் வந்த சந்தோஷம், மகனைப் புதைத்த அன்றும் போகவில்லை, இன்றும் போகவில்லை. அழுகை ஒரு பக்கம் இருக்கும், அதுவும் கூடவே இருக்கும். எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஏழாமவனைக் கேட்காதே.

ஞாயிறு மாமா (கைநாட்டு)


மார்ச் 15

மாமா,

உங்கள் இரண்டு கடிதத்தையும் சின்ன மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவின் தம்பி, என்னை வளர்த்தவர், வாதம் வந்து பேச்சு நின்ற மனுஷன். நான்தான் துடைத்துவிட்டு ஊட்டுகிறேன். "ஏழாவது ஆள் யார்" என்று நான் வாய்விட்டுச் சொன்னதும் சுவர் பக்கம் திரும்பியவர்தான். மூன்று நாளாகக் கஞ்சி ஊட்டப் போனாலும் பல்லைக் கடித்துக்கொள்கிறார். அந்த வருஷம் அவரும் அங்கேதானே வேலை பார்த்தார்?

ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றால் அவர் இந்த வீட்டில் இருக்கமாட்டார். தெருவில் கிடக்கட்டும்.


மார்ச் 19

மகளே,

ஆமாம்.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. "அக்கா புருஷன்னு விட்டுட்டா நீயும் கருங்காலிதான்டா" என்று மேஸ்திரி காம்பைக் கையில் திணித்தார். சுத்தியல்காரன் கண்ணை மூடக் கூடாது. மற்ற ஆறு பேரும் திறந்த கண்ணோடு, சாகாத இடமாகப் பார்த்து அடித்தோம். அவன் அழுதுகொண்டே கண்ணை மூடி அடித்தான். அது முதுகெலும்பில் விழுந்தது. பாசம் இருந்தவன் அடிதான் கெடுத்தது.

குப்புறக் கிடந்த உன் அப்பாவுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. "ஒம்பது வயசுலேர்ந்து அவன் அழுகைய எனக்குத் தெரியும்ணே" என்று பிறகு என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் உன் சின்ன மாமா தினமும் அவருக்கு முகம் மழித்துவிட்டான், நீயே பார்த்தாய். தெரிந்துகொண்டுதான் அவன் கத்திக்குக் கழுத்தை நீட்டினார். பயமில்லையா என்று கேட்டேன். "மொத வாரம் இருந்துச்சு. இப்ப அவன் வர லேட்டானாத்தான் பொழுது போகல. அவனாச் சொல்லட்டும்னு பாக்கறேன். சொன்ன அன்னிக்குக் கட்டிப்புடிச்சு அழணும்" என்றார். சொல்லுமுன் வாதம் அவன் நாக்கைப் பிடுங்கிக்கொண்டது. "நான் போயிட்டா நீங்க சொல்லிருங்கண்ணே, அன்னிக்கே மன்னிச்சிட்டேன்னு" என்று என்னிடம் விட்டுப் போனார்.

அடக்கத்தன்று சொல்லத்தான் அவன் கட்டில் வரை வந்தேன். ஆட்கள் நின்றார்கள், கோழைத்தனம், திரும்பிவிட்டேன். இப்போது காலும் வீங்கிவிட்டது. அவனைத் தெருவில் போடுவதானாலும், போடுமுன் இதை அவன் காதில் சொல்லிவிடு. நாற்பத்தைந்து வருஷமாக அவன் கேட்காத ஒரு வாக்கியம் அது.

மேஸ்திரி குடித்துச் செத்தார். இரண்டு பேரைக் கொதிநீர்த் தொட்டி கொண்டுபோயிற்று. ஒருவன் ஜெயிலில், ஒருவன் காய்ச்சலில். எனக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, மூச்சுக்கு மூச்சு கத்தி இறங்குகிறது. மாதம் தாண்டாது என்கிறார்கள். "சாவப்போறேன்னு சொல்லிக்கிட்டே எதுக்கய்யா சிரிக்கிறீங்க?" என்று திட்டுகிறார் எழுதுகிற அம்மா. அங்கே உன் அப்பா நடந்து வந்து கதவைத் திறப்பாரே, அதை நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

என்னோடு சேர்த்து ஆறு பேர் கணக்கு முடிந்தது. அப்புறம் அந்த வாக்கியத்தைக் கேட்க மிச்சம் ஒருவன்தான் மகளே, உன் சின்ன மாமா.