ஏஞ்சலின் வலது நுரையீரல்

திங்கள், 12

காலையிலிருந்து மழை. படிவம் நான்கு மாணவர்களின் வேதியியல் தாள்கள் திருத்தவில்லை. பள்ளி முடிந்து நேராக மருத்துவமனை. தங்கை ஸ்டெல்லாவின் மகள் ஏஞ்சல், ஆறு வயது. நிமோனியாவுக்கு மருந்து ஏற்றியும் காய்ச்சல் விடவில்லை. வலது நுரையீரலைச் சுற்றிச் சீழ். விலாவில் குழாய். அதன் மறுமுனை கட்டிலடித் தண்ணீர்ப் போத்தலில். அவள் மூச்சுவிட, நீர் ஏறி இறங்குகிறது.

வாங்க: மைலோ, ஈர டிஷ்யூ, ஸ்டெல்லாவுக்கு மாற்றுச் சட்டை.

செவ்வாய், 13

சீழ் வடிவது குறைவு. எக்ஸ்ரேயில் நுரையீரல் விரியவில்லை. வெள்ளிக்குள் விரியாவிட்டால் கோலாலம்பூரில் அறுவைச் சிகிச்சை. இரும வேண்டும், ஆழமாக மூச்சிழுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஊதச் சொல்லி சோப்புக் குமிழ். ஏஞ்சல் தொடவே இல்லை. ஸ்டெல்லா அவள் காதில்: "இருமாதடா செல்லம், டியூப் வந்துரும்."

எங்கள் வீட்டுப் பழக்கம். நோயாளி அருகே குசுகுசுப்புதான் மரியாதை.

புதன், 14

வெயில். ஜெபிக்க மெர்லிமாவிலிருந்து ரோசலின் அக்கா. ஸ்டெல்லாவின் சபைப் பாடகர் குழுவில் பாடுபவர். மைக் தேவைப்படாத தொண்டை. வாசலிலேயே சொன்னேன், "அக்கா, வார்டுல பாடாதீங்க."

"தெரியும்லா. நீதான் சர்ச்சுக்கு வர்றதில்ல, என்னையும் வாயத் தொறக்க விடமாட்டியா?"

ஆனாலும் ஞாயிறு பள்ளிப் பாட்டொன்றை முணுமுணுத்தார். ஏஞ்சல் இரண்டு வரி சேர்ந்தாள். பிறகு இருமல், நீண்ட இருமல். குழாயில் கலங்கலாக ஓட்டம். ஸ்டெல்லா பதறி அவள் வாயைப் பொத்தப் போனாள். மிஸ்ஸி ஓடிவந்தார், வார்டு நர்ஸ். திட்டு விழும் என்று நினைத்தேன்.

"பாகுஸ்! லாகி, லாகி!" நல்லதாம். இன்னும் வேண்டுமாம்.

கர்த்தரின் செயல் என்றார் அக்கா. மூச்சுப் பயிற்சி என்றேன்.

வியாழன், 15

அக்கா வரவில்லை. மோட்டார் சைக்கிள் பழுது. ஏஞ்சல் தனியாகப் பாட மறுத்தாள். ஸ்டெல்லா முயன்றாள், அழுகைதான் வந்தது. மிச்சம் நான்தான். பல்கலைக்கழகம் போன பிறகு இதெல்லாம் பாடியதில்லை. வரிகள் அப்படியே நினைவில் இருந்தன, எரிச்சல். அடிக்குரலில் தொடங்கினேன்.

"பெரியம்மா, கேக்கவே இல்ல. சத்தமா லா!"

பக்கத்துக் கட்டில் மலாய்ப் பையன் கைதட்டினான். அவள் இருமினாள். மறுபடி முதலிலிருந்து.

வெள்ளி, 16

மேகமூட்டம். எக்ஸ்ரே வந்தது. பெரும்பாலும் விரிந்துவிட்டது. கோலாலம்பூர் வேண்டாம். மருந்தும் குழாயும்தான் முக்கியம், இருமலும் உதவியது என்கிறார் டாக்டர். ஏற்கத்தக்க விளக்கம். ரோசலின் அக்காவிடம் போனில் சொல்ல முடியவில்லை, ஸ்டெல்லாதான் பேசினாள். நேற்றுப் பாடிப் பாடி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.